ரெகுலேட்டரி கேப்சர்: கைப்பற்றலா, வசப்படலா?

> ஒழுங்குமுறைக் கைப்பற்றல் என்றே வைத்துவிடலாமே? பொருள் நேரடியாக வருகிறது.

வணக்கம் அண்ணா,

கம்பெனிகளைக் கட்டுப்படுத்த வைத்த அரசு ஆணைக்குழு மெல்ல அந்தக் கம்பெனிகளின் பக்கமே சாய்ந்துவிடுவதைத்தான் ரெகுலேட்டரி கேப்சர் என்கிறார்கள். அதற்குக் 'கைப்பற்றல்' என்றால் பொருள் வருகிறது, ஆனால் வேறு பொருள். இலங்கையில் எங்கள் பக்கம் கைப்பற்றுவது பொலிசின் வேலை; கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை, கைப்பற்றினார்கள் என்று பத்திரிகையில் வரும். 'கையகப்படுத்தல்' என்று மாற்றினாலும் சரிவராது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது, இவைதான் மலையகத்தில் உடனே ஞாபகம் வரும். அங்கே தோட்டம் கைமாறியது. நாம் பெயர் தேடும் விஷயத்தில் எதுவும் கைமாறுவதில்லை. ஆணைக்குழு அரசுடையதாகவே இருக்கும், பெயர்ப்பலகையும் அதேதான். உள்ளே இருப்பவரின் பார்வை மட்டும் கம்பெனியின் பார்வையாகிவிடும்.

அமெரிக்காவில் ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்த 1887இல் ஓர் ஆணைக்குழு வந்தது. அதை ஒழித்துவிடலாமா என்று ஒரு ரயில் கம்பெனித் தலைவர் கேட்டதற்கு, வழக்கறிஞர் ரிச்சர்ட் ஓல்னி 1892இல் வேண்டாம் என்று எழுதினார். வயதாக ஆக அது ரயில் கம்பெனிகளின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. இதில் யார் யாரைப் பிடித்தார்கள்?

பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பெரியம்மாவிடம் ஒரு கதை உண்டு. லயக் கூரைகளைப் பார்க்க ஓர் அரசாங்க அதிகாரி வருடா வருடம் வருவாராம். முதல் வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி, உளுத்த கைமரத்தைக் குடை நுனியால் குத்திப் பார்த்தார். தூள் அடுப்பிலிருந்த ரொட்டியில் கொட்டியது. அடுத்த வருடம் வாசலோடு சரி. அதற்கடுத்த வருடம் தோட்டத்து முகாமையாளரான துரையின் பங்களாவில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு அங்கிருந்தே ஜீப் ஏறிவிட்டார். "அவரு தொர கைக்குள்ள போயிட்டாரு" என்றார் பெரியம்மா. துரை பிடித்தார் என்று சொல்லவில்லை, இவர் போயிட்டார் என்றார். அந்தத் தன்வினை கலைச்சொல்லிலும் இருக்க வேண்டும். அதனால்தான் 'வசப்படல்'.

> பொருளியலாளர் ஸ்டிக்லர் 1971 கட்டுரையில் தொழில்துறையே கட்டுப்பாட்டைத் தேடிப் பெறுகிறது என்கிறாரே. அப்போது செய்பவர் கம்பெனிதானே?

நல்ல கேள்வி. அந்தக் கோணத்துக்கு 'வசப்படுத்தல்' இருக்கிறது. ஒரே வேரில் இரண்டு வினையும் கிடைப்பது நமக்கு லாபம். 'கைப்பற்றல்' இந்த வசதியைத் தராது.

முன்பாதிக்கு 'ஒழுங்குமுறை' வேண்டாம். வசப்படுவது முறையல்ல, அதை நடத்துபவர். இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்றே வழக்கம், ஆகவே 'ஒழுங்குபடுத்துநர் வசப்படல்'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். 'நெறியாளர்' என்று குறுக்கினால் எங்கள் ஆட்கள் நாடகம் போடுகிறவரைத் தேடுவார்கள். விளம்பரத்துக்குப் பயந்து செய்தியை அமுக்கும் பத்திரிகைக்கு 'ஊடக வசப்படல்' தானாகவே பொருந்தும்.

பொதுவெளிக்கு மட்டும் இது ஒட்டவில்லை. எங்கள் டவுன் பஸ் தரிப்பிடத்தில் ஊர்ப் பெயரைவிட ஒரு போன் கம்பெனியின் பெயர் நாலு மடங்கு பெரிது. பஸ் நேர அட்டவணை இருந்த இடத்தில் இப்போது ரீலோட் விளம்பரம். சுவரும் கூரையும் யார் வசமும் தானாகப் போகவில்லை, மேலே பெயின்ட் அடித்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு உங்கள் 'கைப்பற்றல்' சரியாக இருக்கும் அண்ணா. கலைச்சொல் பட்டியலில் 'பொதுவெளிக் கைப்பற்றல்' என்று தனிப் பதிவாகப் போட்டுவிடுங்கள்.