மீன் தொட்டி மாற்றிய அன்று நடந்ததைச் சொல்லுங்கள்

உச்சிப்புளி ஆஸ்கர்:
மூன்று அடித் தொட்டியிலிருந்து நாலரை அடிக்கு மாற்றினேன். ஆறு வருடம் வளர்த்த ஆஸ்கர் மீன். கவரோடு புதுத் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்க விட்டுத்தான் இறக்கினேன். ஒரு செதில்கூடப் போகவில்லை. முதல் ராத்திரி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலை அம்மா வழக்கம்போல் கண்ணாடியை விரலால் தட்டினார். வந்தான். எப்போதும் எகிறிப் பிடிக்கிறவன். அன்று அம்மா போட்ட உருண்டை அவன் உதட்டில் பட்டு, முகத்தை ஒட்டியே கீழே இறங்கிப்போனது. வாயைத் திறக்கவில்லை. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் போய்விட்டான். "கையைப் பார்த்து வந்தானேடா" என்று அம்மா இன்னும் சொல்கிறார்.

புதுத் தொட்டிக்கு ஊற்றியது, மாற்றிய அன்று காலை குழாயில் பிடித்த காவிரித் தண்ணீர். ஃபில்டர் பழையதுதான், ஸ்பான்ஜைக் குழாயில் நன்றாகக் கழுவிப் போட்டேன். எங்கே பிசகியது?

பாம்பன் கரைவலை:
எனக்கு நடந்தது கடல் மீனில். கரைவலையில் வந்த சின்னப் பேத்தை, பயந்தால் பந்தாக உப்பும் மீன். தூக்கி எறிய மனசில்லாமல் கடல் தண்ணீர்த் தொட்டியில் விட்டு வைத்திருந்தேன். பெரிய தொட்டிக்கு மாற்ற வலையில் அள்ளித் தூக்கினேன், அவ்வளவுதான். காற்றில் வந்த நொடியில் பந்தாகிவிட்டது. புதுத் தொட்டியில் விட்டால் வயிறு மேலே, வெள்ளை வெளேரென்று மிதக்கிறது. வால் மட்டும் துடிக்கிறது, கீழே போக முடியவில்லை. தண்ணீரைக் குடித்து உப்பினால் தானே விட்டுவிடும். காற்றைக் குடித்துவிட்டால் எல்லாப் பேத்தைக்கும் அதை வெளியே விடத் தெரியாது.

தாத்தா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு, தலை மேலே வால் கீழே இருக்கிற மாதிரி பிடித்து மெதுவாக அசைத்தார். வாயிலிருந்து ஒரு காற்றுக் குமிழி. கொஞ்சம் கழித்து இன்னொன்று. எண்ணினேன், எட்டு. எட்டாவது வந்ததும் மீன் சுருங்கி அவர் விரல் இடுக்கில் நழுவிக் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. பேத்தையைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது, வாளியை முக்கி அதற்குள் ஓட்டி எடுக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை பேர் கொன்றிருப்பார்களோ.

ராமநாதபுரம் டவுன்:
உச்சிப்புளி அண்ணே, கவரை மிதக்க விடுவது சூட்டைச் சமமாக்க மட்டும்தான். தண்ணீரின் குணம் அதில் மாறாது. என் கதை சின்னது: இருபது கப்பி மீன், போர்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவை. நல்ல தண்ணீர் கொடுப்போமே என்று கேன் தண்ணீருக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் நான்குதான் மிச்சம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். எங்கள் போரில் 1800, கேனில் 60. உப்புத் தண்ணீருக்குப் பழகிய உடம்பு அந்த இறக்கத்தைத் தாங்கவில்லை.

உங்கள் விஷயத்தில் இரண்டு தப்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது செவுளைச் சுடும். ஒரு நாள் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓட்டியிருக்க வேண்டும், அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் வாங்கிச் சொட்டுவிட்டிருக்க வேண்டும். அதைவிடப் பெரியது அந்த ஸ்பான்ஜ். மீன் விடும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குழாயில் கழுவியதும் அது செத்திருக்கும். ஆஸ்கர் நிறையத் தின்று நிறையக் கழிவு விடும் மீன், இரண்டு நாளில் அமோனியா ஏறியிருக்கும். மூன்றாம் நாள் வாய் திறக்காததற்கும் செவுள் அடித்ததற்கும் காரணம் அதுதான்.

இனி மாற்றினால் பழைய தொட்டித் தண்ணீரில் பாதியை அப்படியே கொண்டுபோங்கள். ஸ்பான்ஜை அந்தத் தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். மாற்றுவதற்கு முந்தின நாளே தீனியை நிறுத்துங்கள். மீனை வாளியில் விட்டு, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, புதுத் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறக்குங்கள். வாளித் தண்ணீர் இரண்டு மடங்கு ஆனதும் மீனை மட்டும் மாற்றுங்கள். வாளியை மூடி வையுங்கள், ஆஸ்கர் குதிக்கும். அன்று தொட்டி விளக்கையும் போடாதீர்கள்.

கீழக்கரை:
டவுன் தம்பி, சொட்டு விடுவது வீட்டுக்குள் தொட்டிக்குத் தொட்டி மாற்றும்போது சரி. எல்லாவற்றுக்கும் அதையே செய்தால் கொலை. நான் செய்திருக்கிறேன். சென்னை கொளத்தூரில் வாங்கிய நான்கு ஏஞ்சல் மீன், சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் கட்டிய கவரில் வந்தவை. கவரை அவிழ்த்து, நீங்கள் சொன்ன மாதிரியே டியூபில் முடிச்சுப் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். பாதியிலேயே ஒன்று சாய்ந்து வட்டம் போட ஆரம்பித்தது. வாப்பா பக்கத்தில் நின்று "எடுத்து விடு, எடுத்து விடு" என்றார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்றுதான் பிழைத்தது.

கட்டிய கவருக்குள் மீனின் மூச்சில் கரியமில வாயு சேர்ந்து பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கிக் கிடக்கும். அதுவரை உள்ளே சேர்ந்த அமோனியா அவ்வளவாகச் சுடாது. அவிழ்த்ததும் வாயு போய்விடும், பி.ஹெச். ஏறும், அதே அமோனியா விஷமாகும். நெடுந்தூரம் வந்த கவரை மூடியபடியே மிதக்க விட்டு, அவிழ்த்த கையோடு மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். கடைக்காரரிடம் அவர் தண்ணீரின் உப்பையும் பி.ஹெச்.சையும் கேட்டு, நம் தொட்டியை முன்கூட்டியே அதற்குத் தோதாக வைத்திருக்க வேண்டும்.

மண்டபம் கேம்ப்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஒன்று வீட்டு மாற்றம், ஒன்று பயணம்.

என் கோமாளி மீன் ஜோடி பண்ணையில் பொரித்து வளர்த்தவை. கோமாளி மீன் கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தியைப் பார்த்ததே இல்லை. உடைந்த மண்சட்டி ஒன்றைத்தான் வீடாக்கிக்கொண்டன. மாற்றும் அன்று வலையை விட்டால் சட்டிக்குள் ஓடுகின்றன, சட்டியை எடுத்தால் அது இருந்த இடத்தையே சுற்றுகின்றன. பெண் மீன் என் கட்டைவிரலைக் கடித்தது. கடைசியில் சட்டியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தேன். இரண்டும் உள்ளே போனதும் தண்ணீருக்கடியிலேயே சட்டியோடு வாளிக்குள் நகர்த்தினேன். பழைய தொட்டியில் உப்பு, தண்ணீரின் அடர்த்தியை வைத்து அளந்தால், 1.021. வெயில் காலத்தில் அள்ளி வந்த புதுத் தண்ணீர் 1.027. நான்கு மணி நேரம் குவளை குவளையாகக் கலந்தேன். கடல் மீன் உப்பு குறைவதைக்கூடத் தாங்கும், திடீரென்று ஏறினால் தாங்காது. புதுத் தொட்டியில் சட்டியை வைத்ததும் பெண் மீன் வெளியே வந்து சட்டி வாயில் கிடந்த மணலை வாலால் விசிறித் தள்ளியது.

இன்னொன்று, பாம்பன் தம்பிக்காக இல்லை, படிக்கிற எல்லோருக்கும். தீவுப் பக்கம் போய்த் தொட்டிக்கு மீன் பிடிக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடல் குதிரை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிறது, வைத்திருந்தாலே வழக்கு. கோமாளி வேண்டுமென்றால் பண்ணையில் பொரித்ததை வாங்குங்கள். எங்கள் ஊர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளியைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

உச்சிப்புளி ஆஸ்கர்:
ஸ்பான்ஜ்தான் என்று இப்போது புரிகிறது. சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் கழுவினேன். பழைய தொட்டியில் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் சக்கர் மீன் ஒன்று இன்னும் இருக்கிறது, அங்கே ஓடும் இன்னொரு ஃபில்டரின் ஸ்பான்ஜைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மீனை மாற்ற வேண்டும். அம்மா பக்கத்தில் இருப்பார், இந்த முறை பிசகக் கூடாது.

பாம்பன் கரைவலை:
சக்கர் மீனை வலையில் அள்ளாதீர்கள் அண்ணே. துடுப்பு முள் கண்ணியில் மாட்டும், இழுத்தால் பிய்ந்துவிடும். மாட்டிவிட்டால் வலையை வெட்டுங்கள், மீனை இழுக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது கீழே ஒரு டப்பாவைப் பிடித்து, விரலால் லேசாகத் தள்ளுங்கள், அதுவே உள்ளே விழும்.