அவசரம்: மெயில்ல "டேபிள்" பண்றேன்னு சொன்னா, எடுத்து வைக்கணுமா, மூட்டை கட்டணுமா?

நைட்ஷிப்ட்_நாகை:
வணக்கம். சென்னையில் ஐடி வேலை. போன மாசம் டல்லாஸ் கிளையன்ட்கிட்டேருந்து ஒரே வரியில் மெயில்: "லெட்ஸ் டேபிள் தி மைக்ரேஷன் பிளான்." 'பட்ஜெட் டேபிள்டு'ன்னு செய்தி கேட்டு வளர்ந்தவன் நான். ரெண்டு ராத்திரி முழிச்சு 32 ஸ்லைடு போட்டேன். கால்ல ஸ்கிரீனை ஷேர் பண்ணினதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தர் ரொம்பத் தன்மையா, "அதைத்தான் ஒத்திவெச்சாச்சே"ன்னார். காது சுட்டுப்போச்சு.

இப்ப லண்டன் டீம்ல ஒரு அம்மா, "வியாழக்கிழமை உங்க ரிப்போர்ட்டை டேபிள் பண்றேன்"னு எழுதியிருக்காங்க. இது எந்த டேபிள்? டிக்‌ஷனரியில ரெண்டு அர்த்தமும் போட்டிருக்கு.

பழைய_நிருபர்:
லண்டன் என்றால் விவாதத்துக்கு எடுக்கிறார்கள், தம்பி. ரிப்போர்ட்டைத் தயாராக வையுங்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவை நடுவே நிஜமாகவே ஒரு மேசை உண்டு. அதன்மேல் ஆவணத்தை வைத்தால் அது அவைக்கு வந்துவிட்டது என்று பொருள். நம் மக்களவை அலுவல் பட்டியலிலும் 'பேப்பர்ஸ் டு பி லெய்ட் ஆன் தி டேபிள்' என்றே இருக்கும். செய்தியில் நாங்கள் அதைத் 'தாக்கல்' என்று எழுதுவோம். (அந்தத் தாக்கலும் அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல்தான்.)

அமெரிக்காக்காரர் சொல்வது நம் 'கிடப்பில் போடுவது'.

நைட்ஷிப்ட்_நாகை:
ஐயா நன்றி. ஆனா ஒரே மேசை எப்படி ரெண்டு வேலை பார்க்குது? அதுதான் மண்டையைக் குடையுது.

வேர்ச்சொல்_வெறியன்:
மேசையில வெச்ச பேப்பரை எடுத்துப் படிக்கலாம், அப்படியே விட்டுட்டும் போகலாம். பிரிட்டன் முதல்ல சொன்னதைப் பிடிச்சுக்கிச்சு, அமெரிக்கா ரெண்டாவதை. ஹென்றி மார்ட்டின் ராபர்ட்ங்கிற ராணுவ அதிகாரி 1876ல கூட்ட நடைமுறைக்கு ஒரு விதிநூல் போட்டார். அங்கே இன்னிக்கும் சங்கம், கமிட்டின்னா அதுதான் வேதம். அதில் 'லே ஆன் தி டேபிள்'னா தற்காலிகமா ஒதுக்கி வைக்கிறது. திரும்ப எடுக்கணும்னா அதுக்குத் தனித் தீர்மானம் வேணும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில இன்னும் மோசம்: அந்தத் தீர்மானத்துக்கு விவாதமே கிடையாது, நேரா ஓட்டு. ஜெயிச்சா விஷயம் செத்துச்சு.

சொல்லோட வேர் லத்தீன் 'டபுலா', அதாவது பலகை. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. நாம முழுங்குற டேப்லெட்டும் அந்தக் குடும்பம்தான், குட்டிப் பலகை. நம்ம 'மேசை' வேற வீட்டுப் பிள்ளை, போர்ச்சுக்கீசிய 'மேசா'.

கடன்காரன்:
இதுக்கே இப்படியா? 'லோன் சாங்க்‌ஷன் ஆச்சு'ன்னா பாயசம் வைக்கிறோம், 'ஈரான் மேல சாங்க்‌ஷன்'னா பெட்ரோல் விலை பார்க்கிறோம். 😀

ஸ்காபரோ_மச்சான்:
நான் டொரண்டோ பக்கம். இஞ்ச பாராளுமன்றத்தில டேபிள் எண்டால் முன்வைக்கிறதுதான். ஆனா ஒஃபிசில அமெரிக்காக்காரரோடையும் கதைக்க வேணுமே, அதால ரெண்டும் ஓடும். நான் அந்தச் சொல்லைத் தொடுறதே இல்லை. தள்ளிவைக்கிறதெண்டால் 'போஸ்ட்போன்', கதைக்கிறதெண்டால் 'டிஸ்கஸ்', அவ்வளவுதான். மற்றவை எழுதினால் பக்கத்தில 'ஃபோர் நவ்', 'அன்டில்' எண்டு ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ. கிடந்தால் அனேகமா ஒத்திவைப்புத்தான்.

பழைய_நிருபர்:
தம்பி, 32 ஸ்லைடுக்காக மனம் நோக வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஒரு குறிப்பை அவசரமாக 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்றார்கள். நீண்ட நேரம், கொஞ்சம் சூடாகவே வாக்குவாதம். கடைசியில் பார்த்தால் இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே! சர்ச்சில் தம் போர் நினைவுநூலின் மூன்றாம் தொகுதியில் எழுதியிருக்கிறார்.

நைட்ஷிப்ட்_நாகை:
அப்டேட்: எதுக்கும் இருக்கட்டும்னு அந்த அம்மாகிட்டயே கேட்டுட்டேன். "எடுத்துப் பேசப்போறோம், நீங்கதான் விளக்கணும்"னு பதில். பழைய 32ல 9 ஸ்லைடு அப்படியே இதுக்கு உதவுது. பெரியவருக்கும் மத்தவங்களுக்கும் நன்றி.

ஒரு சின்ன சிக்கல்: வியாழக்கிழமை கால்ல டல்லாஸும் இருக்காம். இன்வைட் தலைப்பை நான்தான் போடணும். 'டிஸ்கஷன்'னு போட்டுட்டேன், மச்சான்.