காந்தத்தில் ஒட்டாத அரிசி

வீட்டு நம்பிக்கையோடு அறிவியல் மோதிய கதையைக் கேட்டதற்கு, எல்லாரும் ஜோசியம், சாமியாடி என்று எழுதியிருக்கிறீர்கள். என் பங்குக்கு ஒரு பொட்டலம் மண்.

கன்னியாகுமரி முக்கடல் கரையில் ஏழு நிற மண் விற்பார்களே, அதன் கதை எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பகவதியம்மனுக்கும் சுசீந்திரம் சாமிக்கும் கல்யாணம். விடியுமுன் மாப்பிள்ளை வந்து சேர வேண்டும். ஆனால் பாணாசுரனைக் கன்னி ஒருத்திதான் கொல்ல முடியும். அதனால் கல்யாணத்தைத் தடுக்க நாரதர் சேவலாகக் கூவிவிட்டார். பொழுது விடிந்துவிட்டதென்று சாமி வழியில் வழுக்கம்பாறையிலேயே திரும்பிவிட்டார். விருந்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மண்ணாகிப்போனது.

ஒன்பதாவது படிக்கும்போது, இதை உடைத்தே தீருவதென்று ஆச்சி முன்னால் உட்கார்ந்தேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை மணலுக்குள் விட்டேன். கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. “பாத்தியளா ஆச்சி, இது தாது.” ஆச்சி குனிந்து பார்த்தாள். “கறுப்புதானே ஒட்டுது? வெள்ளை ஒட்டலியே. அரிசி எங்கயாவது காந்தத்துல ஒட்டுமா மக்களே?”

என் சோதனை அவளுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. சோதனையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தது நான்தான். அவள் தர்க்கத்தில் ஒரு பிசகும் இல்லை.

பிளஸ் டூவில், மாவுச்சத்தைக் காட்டிக்கொடுக்கும் அயோடின் கையில் கிடைத்தது. பொடித்த அரிசியில் விட்டால் கருநீலம். மணலில் பழுப்பாகவே நின்றது. ஓடிவந்து சொன்னேன். “மண்ணா மாறிட்டுன்னுதானே நானும் சொன்னேன். பின்ன எப்பிடி அரிசியா இருக்கும்?” என்று முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். எந்தச் சோதனையிலும் தோற்காத பேச்சை அறிவியலால் ஒன்றும் செய்ய முடியாது என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது, அட, இது ஆச்சி பாடமாச்சே என்று சிரித்தேன்.

மணலின் கதையும் சும்மா இல்லை. மலைப்பாறை சிதைந்து ஆற்றோடு கடலுக்கு வருகிறது. அலை அதை எடை பார்த்துப் பிரிக்கிறது. வெள்ளை குவார்ட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், சிவப்பு கார்னெட் சுமார் 4 மடங்கு, கறுப்பு இல்மனைட் அதற்கும் மேல். லேசானதை அலை இழுத்துப்போக, கனமானது கரையில் பட்டையாகத் தங்கும். எங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள மோனசைட் தாது இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதுவும் எப்படி? இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப்போன மணலை வைத்து! இதைச் சொன்னபோது ஆச்சி வாயைப் பிளந்து கேட்டாள். ஆனாலும் கதையை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்புறம் அவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. அம்மனுக்கு நேர்ந்துகொள்வாள், ஆபரேஷன் வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன். நேர்ந்துகொள்ளவும் செய்தாள். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: “இதுக்கு முன்ன எத்தன பேருக்குப் பண்ணியிருக்கிய? அதுல எத்தன பேருக்குக் கண்ணு தெரிஞ்சுது?”