லினக்ஸ் கர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) கம்பைல் பண்ணி பூட் ஆகாமல் நின்ற அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

மூலநிரல்:
இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். புது லேப்டாப், இன்டெல் 11ஆம் தலைமுறை. பழைய மெஷினில் வருஷக்கணக்கில் ஓடிய கான்ஃபிக் கோப்பை (கர்னலில் எது எது சேர வேண்டும் என்ற பட்டியல்) எடுத்துப் போட்டு, புது ஆப்ஷன்களுக்கு டீஃபால்ட்டை நிரப்பும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டியாச்சு. எஸ்எஸ்டிக்கான என்விஎம்இ டிரைவர், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் ரெண்டும் கர்னலுக்கு உள்ளேயே. நான் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் மவுன்ட் ஆகும் வரை உதவும் தற்காலிகக் குட்டி சிஸ்டம்) வைப்பதில்லை, ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனைக் காட்ட, பார்ட்யூயூஐடிதான் (பார்ட்டிஷனின் அடையாள எண்). வந்தது அதே பேனிக் (கர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிடுவது): ரூட்டை மவுன்ட் பண்ண முடியவில்லை, அன்நோன் பிளாக் (0,0).

இந்த வரியைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். நான் சொல்ல வந்தது அதற்கு மேலே உள்ளது. பேனிக் ஆவதற்கு முன்னால் கர்னல், கண்ணில் பட்ட பார்ட்டிஷன்களை எல்லாம் வரிசையாகப் போடும். அன்றைக்கு அந்தத் தலைப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அதே எஸ்எஸ்டியிலிருந்துதான் பூட் லோடர் கிரப் வந்தது, கர்னலும் அதிலிருந்துதான் ஏறியது. ஏறிய பிறகு அந்த எஸ்எஸ்டியே அதற்குத் தெரியவில்லை!

காரணம் விஎம்டி. பயாஸில் அது ஆனில் இருந்தால் எஸ்எஸ்டி நேராக பிசிஐ பஸ்ஸில் தெரியாது, இன்டெல்லின் விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். என்விஎம்இ டிரைவர் இருந்தும் அதன் கைக்கு எதுவும் வராது. அந்த விஎம்டி டிரைவர் இருப்பது பிசிஐ கன்ட்ரோலர் மெனுவில். ஸ்டோரேஜ் பக்கம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. கான்ஃபிக்கில் அதை ஒய் போட்டதும் (கர்னலுக்கு உள்ளேயே சேர்த்ததும்) பூட் ஆயிற்று. என் முடிவு இதுதான்: ரூட்டுக்குப் போகும் வழியில் இருப்பது, திரைக்கு வேண்டியது, எல்லாவற்றையும் ஒய் போட்டுவிடுங்கள். மாட்யூலாக (பிறகு ஏற்றும் தனிக் கோப்பாக) எதையும் விடாதீர்கள்.

கருந்திரை:
மூலநிரல் சொன்னதில் முதல் பாதி சரி. "திரைக்கு வேண்டியதையும் ஒய் போடுங்கள்" என்பதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேடியான் கார்டில் நான் அனுபவித்தது இது. அதன் டிரைவரான ஏஎம்டிஜிபியுவை உள்ளேயே ஏற்றி, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் பண்ணினேன். கொஞ்சம் எழுத்து ஓடியது, பிறகு திரை முழுக்கக் கறுப்பு. பேனிக் ஆகிவிட்டது என்றே நினைத்தேன். கேப்ஸ் லாக் விளக்கைத் தட்டிப் பார்த்தால் அணைந்து எரிகிறது. பேனிக் ஆன மெஷினில் அப்படி எரியாதே! பக்கத்து மெஷினிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழி லாகின்) போட்டேன், உள்ளே விட்டது. சிஸ்டம் முழுக்க நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் இல்லை.

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் ஒரே வரி: ஃபர்ம்வேர் ஏற்றம் தோல்வி, எரர் -2. கோப்பு இல்லை என்று அர்த்தம். ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) இருப்பது ரூட் பார்ட்டிஷனில். உள்ளே ஏற்றிய டிரைவர், ரூட் மவுன்ட் ஆவதற்கு முன்னாலேயே எழுந்து அதைக் கேட்கிறது. மாட்யூலாக விட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒய்தான் வேண்டும் என்றால் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் ஆப்ஷனில் அந்தக் கோப்புகளையும் கர்னலுக்குள்ளேயே சேர்க்க வேண்டும்.

பழையலீலோ:
நீங்கள் எல்லாம் பேனிக் வரியாவது பார்த்தீர்கள். கிரப்புக்கு முந்தைய பூட் லோடரான லீலோ காலத்தில் எங்கள் கல்லூரி லேபில் ஒரு விடுமுறை முடிந்து வந்து ஆன் பண்ணினால், கறுப்புத் திரையில் "எல்", "ஐ" என்று ரெண்டே எழுத்து. அதோடு நின்றுவிட்டது. முந்தின வாரம் யாரோ புது கர்னல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். லீலோவுக்கு ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியாது. தன் இரண்டாம் பாகமும் கர்னலும் வட்டில் எந்த பிளாக்கில் இருக்கின்றன என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கோப்பு இடம் மாறினால் குறிப்பு பழசு. ஃபிளாப்பியில் பூட் பண்ணி லீலோவை ஒரு தடவை ஓட்டினோம், சரியானது. நாலு எழுத்தும் முழுசாக வந்தால்தான் அது நன்றாக ஏறியதாக அர்த்தம். அந்த ரெண்டெழுத்துத் திரையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ரூட்தேடி:
என் கதை சின்னது. தூரத்து டேட்டா சென்டரில் ஒரு சர்வர், புது கர்னல், ரீபூட், பிங் திரும்பி வரவே இல்லை. கன்சோலில் பார்க்கச் சொன்னபோது "/இனிட் ஓட்ட முடியவில்லை, எரர் -8" என்று வாசித்தார்கள். டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அந்த இனிட் (கர்னல் முதலில் ஓட்டும் நிரல்) ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். கான்ஃபிக்கைச் சுருக்குகிறேன் என்று யாரோ பின்எஃப்எம்டி ஸ்கிரிப்ட் ஆப்ஷனை எடுத்திருந்தார்கள். ஸ்கிரிப்ட் என்ற வகையையே கர்னல் ஏற்கவில்லை.

இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாம் என்கிற மூலநிரலுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு பார்ட்யூயூஐடி தெரியும். படிக்கிற புதியவர் கிரப் எழுதி வைத்த யூயூஐடியை அப்படியே விட்டுவிடுவார். ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியைக் கர்னல் தானாகப் புரிந்துகொள்ளாது, அதைத் தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்தான். எல்விஎம் (பார்ட்டிஷன்களைச் சேர்த்து ஆளும் முறை), என்கிரிப்ஷன் இருந்தால் அது இல்லாமல் நடைமுறையில் முடியாது. தயவுசெய்து புதியவர்கள் அதைத் தூக்காதீர்கள்.

அடைப்புக்குள் இருக்கும் எண்ணையும் படியுங்கள். (0,0) என்றால் டிவைஸே கிடைக்கவில்லை. (8,1) என்றால் எஸ்டிஏ1 (முதல் வட்டின் முதல் பார்ட்டிஷன்) தெரிகிறது, ஃபைல் சிஸ்டம் டிரைவர்தான் இல்லை. 259 என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இனிட்ராம்எஃப்எஸ் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். இசட்ஸ்டாண்டர்டு என்றால் கர்னல் 5.9க்கு முந்தையது அதைப் பிரிக்காது. புதியதிலும் அந்த ஆப்ஷன் ஆனில் இருக்க வேண்டும். /பூட் நிறைந்துபோய்ப் பாதியில் எழுதப்பட்ட கோப்பும் இதே மாதிரி நிற்கும்.

தூரத்து மெஷின் என்றால் கிரப்பில் டீஃபால்ட்டை சேவ்டு என்று வைத்து, பழைய கர்னலையே அதில் நிறுத்துங்கள். புதியதை கிரப்-ரீபூட் மூலம் அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். கூடவே பேனிக்=10 கொடுங்கள். விழுந்தால் பத்து வினாடியில் தானே ரீபூட் ஆகிப் பழையதில் எழும். பழைய கர்னலை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

சாவிக்கொத்து:
ரூட்தேடி அண்ணே, என்கிரிப்ஷன் என்றதும் என்னுடையது ஞாபகம் வந்துவிட்டது. வீட்டு சர்வர், கீபோர்டு கிடையாது, எல்லாம் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான். லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டிக் கம்பைல் பண்ணினேன், சீக்கிரமே முடிந்தது. ரீபூட் பண்ணி, பாஸ்வேர்டு போட யூஎஸ்பி கீபோர்டைச் சொருகினேன். என்கிரிப்ஷனைத் திறக்க லக்ஸ் பாஸ்வேர்டு கேட்கிற வரி அழகாக வந்து நிற்கிறது, கர்சர் துடிக்கிறது, தட்டினால் ஒன்றும் ஏறவில்லை. மாற்றுக் கீபோர்டு, மாற்று போர்ட், எதிலும் இல்லை. லோக்கல்மாட்கான்ஃபிக் அந்த நேரத்தில் லோடு ஆகியிருக்கிற மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை எடுத்துவிடும். கீபோர்டு சொருகாத மெஷினில் கீபோர்டுக்கான யூஎஸ்பி ஹெச்ஐடி டிரைவர் எங்கிருந்து வரும்?

பழைய கர்னலில் எழுப்பி, கீபோர்டைச் சொருகி வைத்துக்கொண்டே மறுபடி ஓட்டினேன், சரியானது. எல்எம்சி கீப் என்று ஒரு வேரியபிள் உண்டு, டிரைவர்ஸ்/ஹெச்ஐடி, டிரைவர்ஸ்/யூஎஸ்பி ரெண்டையும் அதில் கொடுத்தால் அவற்றை எடுக்காது. இப்போது ஓட்டுவதற்கு முன்னால் பென் டிரைவ், நெட்வொர்க் டாங்கிள், வீட்டில் இருக்கிறது எல்லாவற்றையும் சொருகிவிட்டுத்தான் என்டர் தட்டுகிறேன்.