உங்க ஸ்கூல் பி.டி. சார் எப்படி?

டெல்டாக்காரன்:
எங்க ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் போன மே மாசத்தோட ஓய்வு பெற்றார். இயக்குநர்ங்கிறது ஆர்டர்ல மட்டும்தான், ஊருக்கு அவர் "பி.டி. சார்". பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதுற குறுவட்டப் போட்டி எங்க மைதானத்துலன்னா விடியக்காலை நாலு மணிக்கே டேப்பும் சுண்ணாம்பு வாளியுமா நிப்பார். நடுவுல முளை அடிச்சு, கயிறு கட்டி, சுத்தி வந்து வளைவு போடணும். கயிறு பிடிக்கிறது நான். "எல்லாரும் ஒரே கோட்டுல நின்னா என்ன சார்?"னு ஒருநாள் கேட்டேன். "வெளி லேன் சுத்து நீளம்டா, அதுல ஓடுறவன் என்ன பாவம் பண்ணான்?"னு சொல்லி, மண்ணுலயே குச்சியால கணக்குப் போட்டார். லேன் அகலம் 1.22 மீட்டர். முழு 400 மீட்டர் டிராக்கா இருந்தா, அந்த ஒரு சுத்து ஓட்டத்துக்கு ரெண்டாவது லேன்காரன் 7.04 மீட்டர் முன்னாடி நிக்கணும். வட்டத்தோட சுற்றளவு எனக்குப் புரிஞ்சது அங்கதான். எங்க பி.டி. பீரியடைப் பாதி நாள் பிடுங்கிக்கிட்ட கணக்கு வகுப்புல இல்ல.

தெற்கு வீதி:
கொடுத்துவச்சவர் நீங்க. எங்க பி.டி.க்கு ப்ரேயர்ல முடி வெட்டாதவனைப் பிடிக்கிறதும் பிரம்பும்தான் வேலை. ஏழு வருஷத்துல பந்து அறை திறந்து நான் பார்த்ததில்ல.

கோகோ பொண்ணு:
நான் வயசுக்கு வந்ததும் விளையாட்டை வீட்டுல நிறுத்திட்டாங்க. எங்க பி.டி. சார் ரெண்டு நாள் வந்து திண்ணையில உக்காந்து அப்பாகிட்ட பேசினார், நடக்கல. மூணாவது நாள் அவர் வீட்டம்மாவையும் கூட்டிட்டு வந்தார். "போட்டிக்கு நானும் கூடப் போறேன்க்கா, என் பொறுப்பு"ன்னு அவங்க எங்க அம்மாகிட்ட சொன்ன பிறகுதான் விட்டாங்க. வருவாய் மாவட்டப் போட்டியில முதல் ரவுண்டுலயே தோத்தோம்! திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுல பன்னெண்டு பேருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவர் டீ மட்டும் குடிச்சார். பசிக்கலைன்னார், நாங்களும் நம்பிட்டோம்.

விசில்:
நானும் இதே வேலைதான். படிச்சது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ., 1920ல ஹாரி பக் ஆரம்பிச்ச உடற்கல்விக் கல்லூரி. அங்க டிராக் போடச் சொல்லிக் கொடுத்தாங்க, விதிமுறை சொல்லிக் கொடுத்தாங்க. போட்டிக்குப் பசங்க பேர் கொடுக்கிற படிவம் நிரப்ப யாரும் சொல்லித் தரல. 14, 17, 19னு வயசுப் பிரிவு, பிறப்புச் சான்றிதழ், போட்டோ, தலைமை ஆசிரியர் கையெழுத்து. ஒரு தேதி மாறினாலும் பையன் வெளியே உக்காரணும். அவங்கப்பா கேக்குறது நம்மளைத்தான். தெற்கு வீதி சொல்றதும் பொய்யில்ல, அப்படியும் எங்கள்ல ஆள் உண்டு.

டெல்டாக்காரன்:
எங்க சாரும் அடிச்சிருக்கார், மறைக்கல. ஆனா 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்ச அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும். ரோடு முழுக்கத் தென்னை. ஊர்ல பாதிப் பேர் ஸ்கூல் கட்டடத்துல. சார் ஸ்போர்ட்ஸ் ரூமைத் திறந்து கயிறு இழுக்கும் போட்டிக் கயிறை எடுத்துட்டு வந்தார். பழைய பசங்க, இப்ப படிக்கிற பசங்க எல்லாரையும் ரெண்டு வரிசையா நிறுத்தி விசில் ஊதினார். விசிலுக்கு ஒரு இழுப்பு. சாயந்தரத்துக்குள்ள ஆஸ்பத்திரி ரோடு திறந்துடுச்சு. கயிறு ரெண்டா அறுந்துபோச்சு. அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டேல கயிறு இழுக்கும் போட்டி நடக்கல.