டிரான்ஸாக்‌ஷன் காஸ்ட்: ‘உடன்பாட்டுச் செலவு’ சரிப்படுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சட்டங்களின் விளைவுகளைப் பொருளியல் கொண்டு ஆராயும் ‘லா அண்ட் எகனாமிக்ஸ்’ துறைக்கும் அதன் சொற்களுக்கும் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். துறையின் பெயருக்குச் ‘சட்டப் பொருளியல்’ போதும் என்பதே என் கருத்து. வேளாண் பொருளியல் போல அமைந்த பெயர், யாருக்கும் உடனே புரியும். ‘பொருளாதாரச் சட்டம்’ வேண்டாம். அப்படிச் சொன்னால் வரிச் சட்டமும் கம்பெனிச் சட்டமும்தான் நினைவுக்கு வரும். இந்தத் துறை படகு விபத்தையும் ஆராய்கிறது. நியூயார்க் துறைமுகத்தில் கட்டவிழ்ந்துபோய் மூழ்கிய ஒரு சரக்குப் படகின் வழக்கில், 1947-இல் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் கவனக்குறைவுக்கு ஒரு கணக்கே தந்தார். விபத்து நேரும் வாய்ப்பை இழப்பின் அளவால் பெருக்குங்கள்; முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவாக இருந்தும் செய்யாமல் விட்டால், அது கவனக்குறைவு.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது டிரான்ஸாக்‌ஷன் காஸ்ட். ‘பரிவர்த்தனைச் செலவு’ என்று பலரும் எழுதுகிறோம். படிப்பவர் வங்கியில் பிடிக்கும் கட்டணம் என்றே நினைப்பார். பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய கட்டுரையில் சொன்னது வேறு: யாரோடு பேசுவது என்று தேடுவது, பேசி ஒரு முடிவுக்கு வருவது, அதை எழுதிக்கொள்வது, சொன்னபடி நடக்கிறார்களா என்று பார்ப்பது. இத்தனைக்கும் ஆகும் செலவு அது.

அவர் எடுத்துக்கொண்ட லண்டன் வழக்கையே பார்ப்போம். தீர்ப்பு 1879-இல் வந்தது. இனிப்புப் பண்டம் செய்யும் ஒருவர் இரண்டு பெரிய உரல்களில் பல ஆண்டுகளாக இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் தன் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டி ஓர் ஆலோசனை அறை கட்டினார். அதன் பிறகுதான் சத்தம் தொல்லையானது. நீதிமன்றம் மருத்துவர் பக்கம் நின்று, சத்தத்துக்குத் தடை விதித்தது. கோஸ் கேட்டது இதுதான்: இருவரும் செலவில்லாமல் பேசிக்கொள்ள முடிந்தால், தீர்ப்பு எப்படி இருந்தாலும் உரல் ஓடுவதும் நிற்பதும் மாறுமா? இடிப்பதால் வரும் லாபம் மருத்துவரின் இழப்பைவிடப் பெரிதானால், இனிப்புக்காரர் பணம் கொடுத்து மருத்துவரின் சம்மதத்தை வாங்கிவிடுவார். யார் யாருக்குப் பணம் தருவது என்பதை மட்டுமே தீர்ப்பு முடிவு செய்யும்.

அங்கே ஆட்கள் இரண்டே பேர். ஓர் ஆலையின் புகை ஆயிரம் வீடுகளில் படிந்தால்? ஆயிரம் பேரையும் கூட்டிப் பேசி முடிப்பது யாரால் ஆகும்? சட்டம் உரிமையை யாரிடம் வைக்கிறது என்பது அப்போதுதான் உயிர்நாடியாகிறது. கோஸின் வாதம் முழுவதும் இந்தச் செலவின் மேல் நிற்கிறது. ஆகவே சொல் தவறினால் வாதமே பிடிபடாது.

‘பேரச் செலவு’ நல்ல சொல்தான், ஆனால் தேடுவதும் கண்காணிப்பதும் அதில் வரவில்லை. ‘ஒப்பந்தச் செலவு’ என்றால் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் கண்முன் வந்துவிடும். ‘உடன்பாட்டுச் செலவு’ என்பது என் முன்மொழிவு. உடன்பாட்டை எட்டவும் காக்கவும் ஆகும் செலவு என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். இலக்கணத்தில் உடன்பாடு, எதிர்மறை என்று வரும் பொருளோடு குழம்பும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ‘செலவு’ பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

அப்புறம், 1972-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் கலாப்ரேசியும் மெலமெடும் பிரித்துக் காட்டிய விதிகளில் ‘பிராப்பர்ட்டி ரூல்’, ‘லயபிலிட்டி ரூல்’ என்ற இரண்டுக்கும் சொல் வேண்டும். உரிமையாளர் சம்மதித்தால் ஒழிய அவர் உரிமையைத் தொட முடியாது என்பது ஒன்று. லண்டன் மருத்துவருக்குக் கிடைத்தது அதுதான். தொடலாம், ஆனால் நீதிமன்றம் சொல்லும் தொகையைக் கட்ட வேண்டும் என்பது மற்றது. ‘இசைவு விதி’, ‘இழப்பீட்டு விதி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். முதல் சொல்லில் எனக்கே இன்னும் முழு நிறைவில்லை. சட்டம் படித்தவர்கள் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.