அலுமினிய வால்வ் பாடி கழுவ: அல்ட்ராசோனிக்கா, பிரஷ்ஷா?

அம்பத்தூர்_யூனிட்:
ஒரு நாளைக்கு 300 அலுமினிய வால்வ் பாடி. ஒவ்வொன்றும் சுமார் 250 கிராம், ஆறு எம்4 (4 மிமீ திருகு) பிளைண்ட் ஹோல், அதாவது மறுபக்கம் திறக்காத துளை. இப்போது மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், அப்புறம் ஏர். இரண்டு ஆள் நாள் முழுக்கச் செய்தும் துளைக்குள் சீவல் நிற்கிறது. கூடவே 50 எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ஸ்பிண்டிலும் உண்டு. 40 லிட்டர் அல்ட்ராசோனிக் டேங்க் (தண்ணீரில் மீயொலி அதிர்வு கொடுத்துக் கழுவுவது) போட்டால் பிரஷ்ஷை மூட்டை கட்டிவிடலாமா?

டூல்ரூம்_கிண்டி:
முழுசா கட்ட முடியாது சார். பிளைண்ட் ஹோல்ல தேய்க்கிற வேலையை மட்டும் டேங்க் பார்த்துக்கும். ஒட்டியிருக்கிற பிசிறை அது எடுக்காது, அதை முன்னாடியே கையால எடுத்துடணும். கெட்டி கிரீஸ் இருந்தாலும் முதல்ல பனியன் வேஸ்ட்டால துடைங்க. இல்லைன்னா ஒலியை கிரீஸே விழுங்கிடும்.

40 கிலோஹெர்ட்ஸ் போதும். லிட்டருக்கு 10 வாட்டுக்குக் குறையாம வாங்குங்க. கூடைக்கு 12 பீஸ், 55-60 டிகிரி, 5 நிமிஷம். 25 கூடைக்கு சுத்தமா ஓடுற நேரம் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. துளை வாய் கீழே பார்த்தா உள்ளே காத்து அடைச்சு நிக்கும், அங்கே தண்ணியே போகாது, சுத்தமும் ஆகாது. மேலே பார்க்க வச்சு இறக்குங்க, எடுக்கும்போது கவிழ்த்து வடிய விடுங்க. ஏர் அப்புறமும் அடிக்கத்தான் வேணும்.

கெமிக்கல்_பாடி:
காஸ்டிக் கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம், அலுமினியம் அரிச்சுக் கறுத்துடும். அலுமினியத்துக்கு ஏத்ததுன்னு போட்ட மிதமான கார கிளீனர், பிஎச் 9 பக்கம், டப்பாவில் சொன்ன அளவு. எம்எஸ் ஸ்பிண்டிலை அதே கூடையில் சேர்க்காதீங்க, தனி லோடு.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் டேங்க்ல ஊத்தக் கூடாது. சூடு, ஆவி, பக்கத்துலயே கரண்ட். தீ பிடிக்க வேற என்ன வேணும்?

2 கிலோவாட் ஹீட்டர்ல 40 லிட்டர் 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற முக்கால் மணி நேரம் ஆகும். ஷிப்ட்டுக்கு முன்னாடியே போட்டுடுங்க. புதுத் தண்ணின்னா பார்ட்ஸ் இறக்காம 10 நிமிஷம் ஓட்டுங்க, கரைஞ்ச காத்து வெளியேறினாத்தான் வேலை செய்யும்.

திருமுடிவாக்கம்_க்யூசி:
எல்லாரும் விட்ட இடம் அலசல். போர் தண்ணியில அலசினா காய்ஞ்சதும் வெள்ளைத் திட்டு. கடைசி அலசலாவது ஆர்ஓ தண்ணி. எம்எஸ் ஸ்பிண்டிலை உடனே சூடான காத்துல உலர்த்தி ரஸ்ட் ப்ரிவென்டிவ் ஆயில்ல முக்குங்க. ஐப்பசி மழையில டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள துரு பூத்துடும்.

பார்ட்ஸை டேங்க் அடியில நேரா வைக்கக் கூடாது, எஸ்எஸ் கூடையில தொங்கணும். பிளாஸ்டிக் கூடை ஒலியை மந்தமாக்கும். அடியில சேர்ற சீவலை தினம் வடிச்சு எடுக்கலைன்னா அந்த இடத்துல தகடு குழி விழும்.

அம்பத்தூர்_யூனிட்:
நன்றி சார். வாங்கும்போது டேங்க் நல்லதா என்று கடையிலேயே பார்க்க வழி?

டூல்ரூம்_கிண்டி:
சமையல் அலுமினிய பாயிலை செங்குத்தா, அடியில படாம ஒரு நிமிஷம் பிடிங்க. முழுக்க ஒரே மாதிரி புள்ளிப் புள்ளியா குழி விழணும். ஒரு பக்கம் வழுவழுன்னு இருந்தா அங்கே டிரான்ஸ்டியூசர் (ஒலி அதிர்வு கொடுக்கிற பாகம்) மந்தம். நாலு மூலையிலும் நடுவிலும் புதுப் பாயில் வச்சுப் பாருங்க. முடிஞ்சதும் அந்தத் தண்ணியைக் கொட்டச் சொல்லுங்க, பாயில் துணுக்கு மிதக்கும்.